காகிதம் இல்லாமல் கடந்த கடல்

கொழும்பில் இந்து சமுத்திரம் பற்றி மாநாடு என்றால் என்ன பேசுவார்கள் என்பது எனக்கு மனப்பாடம். துறைமுகம், ஆழ்கடல் கேபிள், மீன்வளம், சீனக் கப்பல், இந்தியக் கப்பல். 2023 ஒக்டோபரில் இந்து சமுத்திர விளிம்பு நாடுகளின் சங்கத்துக்கு இலங்கை தலைமை ஏற்றதிலிருந்து இரண்டு வருடம் பத்திரிகைகளில் இந்தப் பேச்சு ஓயவில்லை. தென்னாபிரிக்கா முதல் அவுஸ்திரேலியா வரை 23 நாடுகள் அதில் உறுப்பினர். அத்தனை பேச்சிலும் ஹட்டன் என்ற பெயர் என் கண்ணில் படவில்லை. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. இந்தக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் அதனால் இவ்வளவு அலைக்கழிக்கப்பட்ட சனம் அதிகம் இல்லை. மலையகத் தமிழராகிய எங்களில் பல பேர் அதைக் கண்ணால் கண்டதுகூட இல்லை.

நான் ஹட்டனைச் சுற்றிய தோட்டப்புறங்களில் தபாலதிபராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்து சமுத்திரம் எனக்குத் தபால் பையில்தான் வந்து சேர்ந்தது. இரவு மெயில் கோச்சியில் வரும் பையை விடியற்காலையில் உடைத்து மேசையில் கொட்டினால் கடல் தாண்டிய கடிதங்கள் குவியும். எழுபதுகளின் கடைசியில் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் முத்திரை குத்திய ஏரோகிராம்கள். இந்தியாவில் கப்பல் இறங்கியவர்கள் முதலில் தங்கிய மண்டபம் முகாமிலிருந்து அவசரமாகக் கிறுக்கிய கடிதங்கள். எண்பதுகளில் குவைத், ரியாத், ஜித்தா. தோட்டத்துக் கடிதம் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு நேரே போகாது. தோட்டத்துத் தப்பால்காரர் வந்து பையில் அள்ளிக்கொண்டு போய்க் கந்தோரில் கொடுப்பார். அங்கே யாருக்காவது நேரம் இருந்தால், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். ரியாத்திலிருந்து ஹட்டனுக்குப் பத்து நாளில் வந்த கடிதம், ஹட்டனிலிருந்து லயத்துக்குப் போக இரண்டு வாரம் எடுத்தது. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

கடிதத்தைவிட எனக்கு அதிகம் நினைவிருப்பது கேசட். உறையைத் தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது கேசட் என்று தெரிந்துகொள்வார் ஒரு அம்மா. எழுத வாசிக்கத் தெரியாதவர். மகள் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை. கேசட்டைப் போட்டுக் கேட்க அவரிடம் பெட்டி இல்லை. டவுனில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்குப் போவார். ஒருநாள் அந்தக் கடையில் நானும் நின்றேன். மகள் பேசிக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. அரபியில் என்னவோ கேட்டது. மகள் பேச்சை நிறுத்திவிட்டு, அந்தக் குழந்தையை அதே அரபியில் சமாதானப்படுத்தினாள். "யாரு புள்ள அது?" என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார் அம்மா. மகளின் மூன்று வயதுப் பிள்ளை அப்போது அவருடைய இடுப்பில் இருந்தது.

இந்து சமுத்திர மாநாட்டில் இதை எந்தத் தலைப்பின் கீழ் பேசுவார்கள்?

மலைக்கும் கடலுக்கும் உறவு இல்லை என்பவர்கள் மஸ்கெலியா தாண்டி நல்லதண்ணிப் பக்கம் வந்து சிவனொளிபாத மலையைப் பார்க்கட்டும். கப்பற்காரர்களுக்குக் கரை தெரியும் முன்பே இந்த மலை தெரிந்தது. மொரோக்கோவில் பிறந்த இப்னு பதூதா 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளக் கரையில் இறங்கினார். அங்கே ஆரியச் சக்கரவர்த்தி என்ற தமிழ் அரசர் அவரிடம் பாரசீக மொழியில் பேசினார். என்ன வேண்டும் என்று கேட்டபோது அந்த யாத்திரிகர் கேட்டது பாதமலைக்குப் போக வழித்துணை. அரசர் பல்லக்கும் ஆளும் கொடுத்து அனுப்பினார். கொழும்பு நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹ கொண்டுவந்து காலியில் நாட்டியது. 1409ஆம் ஆண்டுத் திகதி கொண்ட அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுத்து. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தென்திசைத் தேனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. அன்றைக்கு இந்தக் கடலில் வியாபாரம் பேசியவர்களின் மொழிகளில் தமிழும் ஒன்று. நாலு நூற்றாண்டு கழித்து அதே கடலில் அது கப்பலின் அடித்தட்டில் வந்தவர்களின் மொழியாகிவிட்டது.

இடையில் நடந்தது பயிர். ஏமனின் மோக்கா துறைமுகத்திலிருந்து உலகத்துக்குப் போன கோப்பி, இந்த மலைகளில் காட்டை அழித்து நடப்பட்டது. 1869இல் அந்தக் கோப்பி இலையில் செம்மஞ்சள் பொடி போல ஒரு நோய் விழுந்தது. அதே வருடந்தான் சுயெஸ் கால்வாயும் திறந்தது. நோய் சில வருடங்களில் தென்னிந்தியாவுக்கும் சுமத்ராவுக்கும் ஜாவாவுக்கும் போய்ச் சேர்ந்தது. லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டிருந்த தேயிலை, கோப்பி செத்த மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. பிரேசிலிலிருந்து எடுத்துவந்த விதைகளில் லண்டனில் முளைத்த இறப்பர்க் கன்றுகள் 1876இல் கம்பஹா பக்கத்து ஹெனரத்கொடைக்கு வந்தன. அடுத்த வருடம் சிங்கப்பூருக்குக் கன்றுகள் போயின. கன்று போன இடமெல்லாம் பின்னாலேயே ஆட்களும் போனார்கள். திருச்சி, சேலம், தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை. அண்ணன் மலாயாவுக்கு, தம்பி கண்டிச் சீமைக்கு, பக்கத்து வீட்டுக்காரன் நேட்டாலுக்கு. அந்த ஊர்களின் வறட்சிக்கும் சாதிக்கும் ஒரே கடல்தான் வடிகால்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. தபாற்காரன் என்பதால் எனக்குக் காகிதத்தின் மேல் ஒரு கண் எப்போதும் உண்டு.

மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் போனவர்கள் ஒப்பந்தக் கூலிகள். ஒப்பந்தக் கூலிமுறையை நான் புகழ வரவில்லை. அடிமை முறையை ஒழித்த கையோடு, அடிமை நின்ற இடத்தில் நிற்க ஆள் பிடித்த முறை அது. 1834 முதல் மொரிசியசுக்கு மட்டும் சுமார் 4 இலட்சத்து 50 ஆயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். ஆனால் ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டும். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், சாதி, கிராமம், உடம்பில் அடையாளம் எல்லாம் புத்தகத்தில் ஏறியது. மொரிசியசில் பின்னாளில் புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் புத்தகங்கள் இன்றைக்கும் மொரிசியசில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் போய்த் தேடி எடுக்கலாம். கூலிகள் கரையிறங்கிய, ஆப்பிரவாசி காட் என்ற படித்துறையை 2006இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக்கியது.

சில வருடங்களுக்கு முன் டர்பனிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிவனொளிபாதம் ஏற வந்து ஹட்டனில் தங்கினார். தமிழர், தமிழ் தெரியாது. கைப்பையிலிருந்து ஒரு நகலை எடுத்துக் காட்டினார். நேட்டால் கப்பல் பதிவு. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர், தகப்பன் பெயர், தாலுகா, கிராமம், இடது முழங்காலில் தழும்பு. அந்தக் கிராமத்துக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்திருந்தார். அவருக்கு ஊர் தெரியும், மொழி தெரியாது. எனக்கு மொழி தெரியும், ஊர் தெரியாது. என் பூட்டி துறையூர்ப் பக்கம் என்று அப்பா சொல்வார். துறையூர்ப் பக்கம் என்றால் எந்தப் பக்கம்? அதற்கு மேல் ஒரு எழுத்துக் கிடையாது.

ஏன் கிடையாது? இலங்கை பக்கத்தில் இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடல். இதைத் தாண்டுவதை வெளிநாட்டுப் பயணமாகவே வெள்ளைக்கார அரசாங்கம் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்குப் போவது போலத்தான், சுதந்திரமாகப் போய்வருகிறார்கள் என்றார்கள். ஒப்பந்தம் இல்லை. கங்காணி தன் ஊருக்கே போய் முன்பணம் கொடுத்து, சொந்தக்காரனையும் சாதிக்காரனையும் கூட்டிக்கொண்டு தோணி ஏறினான். மன்னாரில் இறக்கி மாத்தளை வரை காட்டு வழியே நடத்திக்கொண்டு வந்தான். வழியில் காலராவில் செத்தவர்களுக்குப் பெயரும் இல்லை, புத்தகமும் இல்லை. கங்காணியின் கணக்கில் தலை எண்ணிக்கையும், தலைக்கு எவ்வளவு கடன் என்பதும் மட்டும் இருந்தன. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போவதென்றால், கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். துண்டில்லாதவனை வேறு தோட்டம் எடுக்காது. 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரச் சீட்டு வந்தது. கயிற்றில் கோத்துக்கொண்டு வரவேண்டும். அதில் இருந்ததும் தோட்டத்தின் இலக்கந்தான்.

நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போனவனுக்குக் காகிதம் கிடைத்தது. முப்பது கிலோமீட்டர் வந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அதன் விலையை நாங்கள் 1948க்குப் பிறகு கொடுத்தோம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும் தகப்பன், இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும், இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. முந்திய வருடத் தேர்தலில்தான் இலங்கை இந்தியக் காங்கிரசிலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது: 1946 ஜனவரி 1க்கு முன், மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இடைவிடாமல் இங்கே இருந்ததை நிரூபிக்க வேண்டும். ஒரு தடவை பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் கதவு மூடிக்கொள்ளும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

அப்பா தோட்டத்துப் பள்ளிக்கூடச் சான்றிதழையும் யுத்தகால அரிசிக் கூப்பனையும் பத்திரமாக வைத்திருந்தார், பதிவுப் பிரஜையானார். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, 1939இல் ஒரு சாவுக்காக ஊருக்குப் போனவர். அந்த ஓகஸ்டில் இந்தியா தொழிலாளர் இலங்கைக்கு வருவதைத் தடை செய்தது. இலங்கை அரசாங்கம் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நிறுத்தியதற்குப் பதிலடி அது. பெரியப்பா திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பத்து வருடம் கழித்து விசாரணையில் அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மனு தள்ளுபடி. ஒரே லயத்தில், ஒரே காம்பராவில், ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேர்; ஒருவர் இந்த நாட்டுப் பிரஜை, மற்றவர் எந்த நாட்டுக்கும் இல்லை. அந்தப் பதிவுச் சான்றிதழ் இல்லாவிட்டால் எனக்குத் தபாற்கந்தோர் வேலையும் கிடைத்திருக்காது. நேர்முகத்தில் என் பெறுபேறுகளைவிட அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிறகு 1974இல் இந்திரா காந்தியோடு ஆளுக்கு 75,000 என்று அதையும் பிரித்தார்கள். அந்த 9,75,000 பேரில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒப்பந்தம் எழுதி இரண்டு மாதம் ஆகுமுன் டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் அதற்குப் பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. ஆள் அனுப்புவது நிற்கவில்லை. ஹட்டன் ஸ்டேசனில் தலைமன்னாருக்குப் போகிற அந்த வண்டியைச் சனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். எண்பதுகளின் நடுவில் கப்பல் நிற்கும் வரை, பிறந்த பிள்ளைகளையும் சேர்த்து நான்கரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போனார்கள்.

1971இல் இதே சிறிமாவோ அம்மையார் ஐக்கிய நாடுகள் சபையில் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்க வேண்டும் என்று கேட்டார். அந்த டிசம்பரில் பொதுச் சபை பிரகடனமும் செய்தது. நல்ல பிரேரணை, வல்லரசுகளின் போர்க்கப்பல்கள் வேண்டாம் என்றது சரிதான். பக்கத்தில் தியகோ கார்சியாவில் அமெரிக்கத் தளத்துக்காக அந்தத் தீவுகளின் சாகோஸ் சனங்களைப் பிடுங்கி மொரிசியசிலும் சீஷெல்சிலும் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் அதே நாட்களில் நம்முடைய கடலில் ஒரு கப்பல் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. சமாதான வலயத்தைப் பற்றி எழுதுகிற எந்த ஆய்வாளரும் இந்த இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்து நான் வாசித்ததில்லை.

பெரியப்பா குடும்பம் கூடலூருக்குப் போனது. நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டம். மறுபடி அதே கொழுந்துதான், அதே கூடைதான். வியாபாரக் கடன் என்று கொடுத்த பணத்தை நம்பிச் சமவெளியில் இறங்கியவர்களில் பலர் ஏமாந்து, மலையைத் தேடி மறுபடி ஏறினார்கள். கொடைக்கானல் காட்டில் மரப்பட்டை உரிக்கப் போய்க் கொத்தடிமையாகச் சிக்கியவர்களும் உண்டு. பெரியப்பாவின் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரு விஷயம் வரும்: இங்கே இருந்தவரை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே போனதும் சிலோன்காரன் என்கிறார்கள். 2022இல் டான்டீ சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க முடிவானபோது, ஓய்வுபெற்ற குடும்பங்கள் குடியிருப்பை விட்டு எங்கே போவது என்று கலங்கின. என் பெரியப்பாவின் பேரன் வாட்சப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்து நான் முதலில் டிக்கோயா என்றே நினைத்தேன். அதே நீள லயம், அதே தகரக் கூரை.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து வெளிநாட்டு வேலை முகவர்களின் பலகைகளை எண்ணட்டும். கங்காணி வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டிருக்கிறான், அவ்வளவுதான். உப முகவர் லயத்துக்கே வருகிறார், கையில் முன்பணம் வைக்கிறார். போய் இறங்கியதும் கடவுச்சீட்டு எசமான் கையில். ஆளை எசமானின் பொறுப்பில் வைக்கும் கஃபாலா முறையில், அவர் சம்மதமில்லாமல் வேலையை விட்டு வேறு இடம் போவது லேசில்லை. துண்டு முறைக்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று எனக்கு விளக்கிச் சொல்லக்கூடியவர் யாராவது இருந்தால் நல்லது. மூதூரிலிருந்து பணிப்பெண்ணாகப் போன ரிசானா நபீக்குக்கு 2013 ஜனவரியில் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றியது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிள்ளையின் வழக்கில்கூட அடிப்படைக் கேள்வி ஒரு காகிதந்தான்: கடவுச்சீட்டில் இருந்த வயது உண்மையா என்பது.

ஆட்கள் மட்டுமா போகிறார்கள்? 2012இல் ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்குக் கட்ட வேண்டிய 251 மில்லியன் டொலரைத் தேயிலையாகக் கொடுப்பது என்று 2021 டிசம்பரில் உடன்பாடு. மாதம் 5 மில்லியன் டொலர் தூள். கொழும்பில் வண்டி ஓட்டிய எண்ணெய்க் கடனைத் தலவாக்கலையில் கொழுந்தெடுத்து அடைப்பது என்று கணக்கு. 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது கொள்கலன்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. ஏமனில் சுட்டால் இங்கே தேயிலை ஸ்டோரில் கேட்கிறது. ஆனால் தோட்டத்து நாட்சம்பளத்தை 1,350 ரூபாவுக்குக் கொண்டுவர 2024 வரை போராட வேண்டியிருந்தது.

2025 நவம்பரின் கடைசி வாரத்தில் இந்தக் கடல் தானே எழுந்து மலைக்கு வந்தது. டித்வா புயல். அந்தப் பெயர் ஏமன் கொடுத்தது; சொக்கோத்ரா தீவில் உள்ள ஒரு களப்பின் பெயர். கோப்பி வந்த நாட்டிலிருந்தே புயலின் பெயரும். நுவரெலியா, கண்டி, பதுளை மலைகள் சரிந்தன, கோச்சிப் பாதை பல இடங்களில் அறுந்தது, நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வாரம் மலாக்கா நீரிணையில் உருவான சென்யார் புயல் சுமத்ராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. மண் சரிந்த லயங்களில் மறுபடி காகிதப் பிரச்சினை தலைகாட்டியது: லயக் காம்பராவுக்குக் காணி உறுதி கிடையாது. உறுதி இல்லாதவர் வீடு இழந்தேன் என்பதை எதைக் காட்டி நிரூபிப்பது?

ஆகவே என் கோரிக்கை பெரிய கொள்கைப் பிரகடனம் ஒன்றும் இல்லை. முதலாவது, தோட்டங்களில் ஆட்களைப் பதிந்த பழைய செக்ரோல் புத்தகங்கள், பிறப்பு இறப்புப் பதிவுகள், கங்காணிக் கணக்குகள் எல்லாவற்றையும் தேசிய சுவடிகள் திணைக்களம் கையகப்படுத்திப் படமெடுக்க வேண்டும். 1975இல் அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளுக்குக் கைமாறியபோதும் எவ்வளவு போயிற்றோ. ஒரு தோட்டத்தில் அந்தப் புத்தகங்களை ஸ்டோர் அடுப்புக்குப் போட்டதை என் கண்ணால் கண்டேன். நன்றாக எரிகிறது என்றார் அடுப்புக்காரர். இரண்டாவது, மண்டபம் முகாமில் பதிந்த பெயர்களை இந்தியா தேடி எடுத்துத் திறந்து காட்ட வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று மொரிசியசுக்குத் தெரியும். விளிம்பு நாடுகள் சங்கத்தின் செயலகமும் அங்கேதான் இருக்கிறது. இலங்கை தலைமை வகித்த இரண்டு வருடத்தில் கேட்டிருக்கலாம். இப்போது இந்தியா தலைமையில் இருக்கிறது, இன்னும் கேட்கலாம். மூன்றாவது, 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கியது போல, தலைமன்னாருக்கும் ஓட வேண்டும், கொழுந்தெடுப்பவர் கட்டக்கூடிய கட்டணத்தில். கூடலூரில் சாவு என்றால் இன்றைக்கும் இங்கிருந்து போக விமானச் சீட்டுக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது.

எங்கள் படித்த பிள்ளைகளில் சிலர், கூலிக் கதையை ஏன் கிளறுகிறீர்கள், நாங்கள் முன்னேறிவிட்டோம் என்கிறார்கள். 2023இல் எங்கள் சனம் இங்கே வந்த இருநூறு வருட நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்குச் சனங்கள் நடந்தபோதும் இதே முணுமுணுப்புக் கேட்டது. அவர்களுக்குச் சொல்கிறேன்: டர்பன் ஆசிரியர் அந்த நகலை வெட்கப்பட்டு மறைக்கவில்லை. சட்டகம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பதாகச் சொன்னார்.

அரசாங்கங்கள் செய்யும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் பாட்டியின் தகரச் சீட்டோ, பிரஜாவுரிமை மனுவின் பற்றுச்சீட்டோ, தள்ளுபடிக் கடிதமோ, அரிசிக் கூப்பனோ, கூடலூரிலிருந்து வந்த ஏரோகிராமோ இருந்தால் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். அதைப் படமெடுத்து வையுங்கள். பின்னால் பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் பென்சிலால் எழுதுங்கள். ஒரு நகலைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுங்கள். வயதானவர்கள் இருந்தால் ஊரின் பெயரை இன்றைக்கே கேட்டு எழுதிவிடுங்கள்.